தரகருக்கு நான் சொன்ன பத்தியம்

அந்த மாட்டுத் தரகரை நினைத்தால், அவர் முகம் வருமுன் தோளில் கிடந்த காவித் துண்டுதான் கண்முன் வருகிறது. வேலந்தாவளம் சந்தையில் விலை பேசும்போது அதை எடுத்து, தன் கையின் மீதும் எதிராளியின் கையின் மீதும் போர்த்துவார். உள்ளே விரல்களைப் பிடித்தும் அழுத்தியும் விலை ஏறும், இறங்கும். வாய் மட்டும் மழையையும் தீவனத்தையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

என் அப்பா அதே சந்தையின் ஓரத்தில் மூட்டு வாதத்துக்கு லேகியம் விற்ற வைத்தியர். முடக்கற்றானும் குறுந்தோட்டி வேரும் சுக்கும் கருப்பட்டியில் கிளறிய மருந்து அது. சிறு வயதில் பனையிலிருந்து விழுந்ததில் அவருக்கு ஒரு கால் குட்டை. நான் கோயம்புத்தூரில் மெட்ரிகுலேஷன் தேறித் திரும்பிய வருடம், கூட்டம் நிறைந்த ஒரு சந்தை நாளில், தரகர் அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் மாடுகளுக்கு நடுவே நிறுத்தினார். "ஏனுங்க, இந்த உருப்படியப் பாருங்க! பல்லு சுத்தம். நடைதான் கொஞ்சம் நொண்டுது. இது தின்ன லேகியத்தைத்தான் உங்களுக்கும் விக்குது" என்று அப்பாவின் தாடையை விரித்துக் காட்டினார். பிறகு அந்தத் துண்டை அப்பாவின் கைமேல் போட்டு விலை கேட்பது போல நடித்தார். சந்தையே சிரித்தது. அப்பாவும் சிரிக்க முயன்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதன்பின் அப்பா சந்தைக்கு வரவே இல்லை. மருந்துச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நான் போனேன்.

அப்பா இறந்து பல வருடங்கள் கழித்து, தரகர் என் கடைக்கு வந்தார். விரல் கணுக்கள் களிமண் உருண்டை போல வீங்கியிருந்தன. "வைத்தியரே, வெரலு மடங்க மாட்டீங்குதுங்க. துண்டுக்குள்ள நான் ஒண்ணு சொன்னா, அவனுக்கு வேறொண்ணாப் போகுதுங்க. போன சந்தையில ஒருத்தன் கைய உதறிட்டே போயிட்டானுங்க" என்றார். பிறகு, "உங்கப்பா நல்ல கைராசிக்காரருங்க" என்றும் சொன்னார். அப்பாவை மாடுகளுக்கு நடுவே நிறுத்தியதை அவர் மறந்துவிட்டார் என்று அப்போது நினைத்தேன். அந்த மறதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பொய் மருந்து கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அப்பாவின் லேகியத்தைக் கெடுத்தால், சந்தையில் தரகர் செய்த கேலி மெய்யாகிவிடும். எனவே மருந்தைச் சுத்தமாகக் கொடுத்தேன். பழிவாங்கலைப் பத்தியத்தில் வைத்தேன். எங்கள் பக்கத்தில் மருந்தைச் சந்தேகிப்பார்கள், பத்தியத்தைச் சந்தேகிக்க மாட்டார்கள். புளி, கத்தரிக்காய், கருவாடு ஆகாது என்று வழக்கமானவற்றைச் சொல்லிவிட்டு, "மருந்து உள்ள இருக்கற வரைக்கும் அடுத்தவங்க கையத் தொடக் கூடாதுங்க. தொட்டா அவங்க சூடு ஏறி வெரலு கட்டையாப் போயிரும்" என்றேன்.

"சந்தையிலயுங்களா?"

"எங்கயுமேதானுங்க."

அதன்பின் ஒவ்வொரு சந்தையிலும் என் கடையிலிருந்தே அவரைப் பார்த்தேன். வியாபாரிகள் கை நீட்டினால், தன் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு பின்வாங்குவார். "என்னுங்க தரகரே, மருதாணி வெச்சிருக்கீங்களா, கலைஞ்சிருமுங்களா?" என்று பையன்கள் கேலி செய்தார்கள். சட்டியின் அடியில் தங்கிய கருப்பட்டியை வழித்துத் தின்பது போல அது எனக்கு இனித்தது. மழைக்காலம் முடியுமுன் வீக்கம் வடிந்துவிட்டது. "பாருங்க, முறுக்கே பிழியலாமுங்க!" என்று விரல்களை மடக்கிக் காட்டினார். இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும் என்றேன். அடுத்த முறையும் அதையே சொன்னேன். அதற்குள் அவருடைய வாடிக்கை முழுவதும் வேறொரு தரகரிடம் போய்விட்டது. ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "பேரன் இப்பத்தான் நடக்கப் பழகறானுங்க. புடிச்சுக்கறதுக்குக் கைய நீட்டறான். அதுவும் ஆகாதுங்களா?"

"ஆகாதுங்க" என்றேன்.

என் அப்பாவுக்காகச் செய்தேன் என்று மற்றதற்கெல்லாம் நான் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியும். அந்த ஒரு சொல்லுக்கு முடியாது.

கடைசியில் ஒருநாள் அவர் மருந்து கேட்காமல் வந்து உட்கார்ந்தார். "சம்பந்தி ஊட்டுப் பக்கம் ஒரு வைத்தியருங்க. இப்படி ஒரு பத்தியம் எந்த ஊர்லயும் கெடையாதுன்னு சிரிக்கறாருங்க" என்றார். அவர் தோளிலிருந்து துண்டை எடுத்தார். "அன்னிக்கு உங்கப்பா மேல போட்டதும் இதுதானுங்க" என்று சொல்லி, என் கையின் மீது போர்த்தி, உள்ளே கையை விட்டார். முதலில் என் சுண்டு விரலைப் பிடித்தார். பிறகு நடுவிரலைப் பிடித்து அழுத்தினார். பிறகு கை முழுவதையும் பிடித்துக்கொண்டு வெகு நேரம் விடவில்லை. பிடி உறுதியாக இருந்தது. அப்பாவின் லேகியம் நன்றாகவே வேலை செய்திருந்தது. துண்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். சந்தையில் அவரை மறுபடி நான் பார்க்கவில்லை.

அந்த விரல்கள் என்ன சொல்லின என்று சந்தையில் எந்தத் தரகரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். அது மன்னிப்பா, பழியா என்று தெரிந்துவிடுமே என்று நான் கேட்கவில்லை. இப்போது என் விரல்களும் வீங்கிவிட்டன. அதே லேகியத்தைத்தான் தின்கிறேன். சில மாலைகளில் நிறம் போன அந்தத் துண்டை என் கைகளின் மேல் போட்டுக்கொண்டு, அவர் பிடித்த வரிசையிலேயே என் விரல்களை நானே பிடித்துப் பார்க்கிறேன். சுண்டு விரல், நடுவிரல், பிறகு கை முழுவதும். அவருடைய பிடி எனக்கு வருவதில்லை. விரல்கள் மடங்குவதில்லை.