மலையிடுக்கில் கேட்ட "வா"

அன்பான சகோதரங்களே, நான் ஒரு பயந்தாங்கொள்ளி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் சலவை மெஷின் வேகமாகச் சுற்றத் தொடங்கினால் எழும்பி வெளியே போய்விடுவேன். ஏன் என்று கேட்டால், தொண்ணூற்று நாலாம் ஆண்டு செப்டம்பர் மாதத்துக்குத்தான் போக வேண்டும்.

அப்போது நான் மன்னாரிலிருந்து இத்தாலியின் தீவு நகரான பலேர்மோவுக்கு வந்து மூன்று வாரம். பொலிதேயாமா சதுக்கத்துப் பக்கத்தில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலை. பிள்ளையின் பெயர் சாரா, நாலு வயது. தண்ணீர், பாண், பால், இல்லை என்ற நாலு சொல்தான் எனக்குத் தெரிந்த இத்தாலியன். வேலை அலுப்பில் செபமாலையையும் கைவிட்டிருந்தேன். மாதா கோபிக்க மாட்டா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் எங்களைக் காரில் ஏற்றி, தீவின் உட்பகுதியில் ஒரு மலையிடுக்கைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். புல்லுகூடக் காய்ந்துபோன பொட்டல்வெளி. அதன் நடுவே பூமி பிளந்த மாதிரி ஒரு பள்ளம். இரண்டு பக்கமும் வெள்ளைப் பாறைச் சுவர், அடியில் தண்ணீரில்லாத ஆறு. வடிவான இடம், பொய் சொல்லக் கூடாது. சிஞ்ஞோரா, அதுதான் சாராவின் தாய், மேலே காரடியில் சாப்பாடு எடுத்து வைத்தா. நானும் சாராவும் ஆற்றுக்குள் இறங்கிக் கல்லுப் பொறுக்கினோம். வீட்டுக்காரர் சுவரின் பாதி உயரத்தில் ஒரு விளிம்பில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

தூரத்தில் இடி கேட்டது. எங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருந்ததால் நான் கவனிக்கவில்லை. பிறகு காலடியில் சின்னக் கற்கள் அதிர்ந்தன. லொறி வருகிற மாதிரி ஓர் இரைச்சல். பார்த்தால், வளைவில் மண்ணிறத் தண்ணீர் மரக்கிளைகளையும் இழுத்துக்கொண்டு வருகிறது. சாராவைத் தூக்கினேன். எந்தப் பக்கம் ஓடுவது? அந்தப் பக்கம் பெரிய தட்டைப் பாறை ஒன்று. இந்தப் பக்கம் வீட்டுக்காரர் நிற்கிற செங்குத்தான சுவர். இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தேன். தாய் நம்பித் தந்த பிள்ளை என் கையில் சாகப் போகிறது என்று நினைத்தேன்.

"மடு மாதாவே, எந்தப் பக்கம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ அம்மா" என்று எங்கள் ஊர் மாதாவைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

மேலேயிருந்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். அவர் சொன்ன மற்றதையெல்லாம் இரைச்சல் விழுங்கிவிட்டது. ஒரே ஒரு சொல்தான் வந்து சேர்ந்தது.

"வா! வா!"

நல்ல தமிழில் வா என்று கேட்டால் யார்தான் நிற்பார்கள்? அவர் நின்ற சுவரை நோக்கி ஓடினேன். காட்டு அத்தி ஒன்றின் வேர் கையில் அகப்பட்டது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன். அவர் குனிந்து முதலில் அவளை, பிறகு என்னை இழுத்தெடுத்தார். திரும்பிப் பார்த்தேன். அந்தத் தட்டைப் பாறை தண்ணீருக்குள் போய்விட்டிருந்தது.

அவர் அழுதபடி, பாறை இருந்த இடத்தைக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. அன்று பின்னேரம் ஒரேத்தோ தெருவில் நான் தங்கியிருந்த வாடகை அறையில், என்னோடு இருந்த மேரி அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா.

"பிள்ளை, வா எண்டால் இவையின்ரை பாஷையிலை போ எண்டு அர்த்தம். அந்தப் பாறைக்குப் போகச் சொல்லித்தான் அவர் கத்தியிருக்கிறார்."

அவர் போ என்றார். எனக்கு வா என்று கேட்டது. இத்தாலியன் தெரிந்தவளாக இருந்திருந்தால் அன்றோடு நானும் இல்லை, சாராவும் இல்லை. அந்த இடத்திலேயே முழங்காலில் விழுந்தேன். அன்று எடுத்த செபமாலையை இன்னும் கீழே வைக்கவில்லை.

சாராவுக்கு இப்போது ஒன்பது வயது. என் இத்தாலியனைத் திருத்துவதுதான் அவளுக்கு வேலை.

பயந்து நிற்கிற என் சகோதரங்களே, நீண்ட செபம் வராவிட்டால் பரவாயில்லை. ஒரு சொல் கேளுங்கள். நமக்கு எது எப்படிக் கேட்கும் என்று அம்மாவுக்குத் தெரியும்.