ஆறு கோடுகள், மூன்று புள்ளிகள்

கள்ளக்குறிச்சியில் ஒரு தையல் கடையின் மாடியில் நான் கிட்டார் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வாரத்தில் மூன்று நாள் மாலையிலும், சனிக்கிழமை முழுவதும் வகுப்பு. கீழே மிஷின்கள் ஓடும் சத்தத்தில் என் மாணவர்கள் செய்யும் தவறுகள் பாதி கேட்காது. அது அவர்களுக்கு நல்லதோ இல்லையோ, எனக்கு நல்லதாகவே இருந்தது.

என் வகுப்பில் பல வருடங்களாக ஒரு கொள்கை இருந்தது. கார்டு படத்துக்கு அனுமதி இல்லை. கிட்டாரில் இரண்டு மூன்று தந்திகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சேர்த்து மீட்டினால் வரும் கூட்டொலியைக் கார்டு என்போம். விரலை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டுவதற்கு, ஆறு தந்திக்கு ஆறு கோடு போட்டு, அழுத்தும் இடத்தில் புள்ளி வைத்திருப்பார்கள். அதுதான் கார்டு படம். புதிதாகக் கற்கிறவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்த்துத்தான் தொடங்குகிறார்கள். நான் மட்டும் முதல் நாளே எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுவேன். "கொழந்த பேசக் கத்துக்கறது எழுத்தப் பாத்தா? காதால கேட்டுத்தான? என் கையப் பாருங்க, காதால கேளுங்க. காகிதம் வேணாம்."

கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். பிள்ளையைச் சேர்க்க வந்த ஒரு தாசில்தார் அலுவலக கிளார்க், "சார் பழைய முறையில சொல்லித் தராரு" என்று நான்கு பேரிடம் பெருமையாகச் சொன்னார். அதனால் மேலும் நான்கு பேர் சேர்ந்தார்கள்.

உண்மை வேறு. எனக்குக் கார்டு படம் படிக்கத் தெரியாது. இருபது வயதில் ஒரு மெல்லிசைக் குழுவில் மூத்த கிட்டார்காரருக்குப் பின்னால் நின்று அவர் விரலைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவன் நான். யாரும் என்னிடம் காகிதம் எதையும் நீட்டவில்லை. பிற்பாடு அப்படி ஒரு படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று யாரிடம் கேட்பது? கேட்காமல் இருந்தேன். கேட்காமல் இருந்ததற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அந்தக் காரணம் வளர்ந்து கொள்கை ஆகிவிட்டது.

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை, ஐம்பதை நெருங்கிய ஒரு பெண்மணி கிட்டாரைப் புடவைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார். கல்வராயன் மலையில் ஒரு சுகாதார நிலையத்தில் நர்ஸ். சொந்த ஊர் நைனார்பாளையம். மேலே வேலை பார்த்துவிட்டு மாற்றலாகிப் போன டாக்டர் ஒருவர் கிட்டாரை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். குவார்ட்டர்ஸில் அது சும்மா கிடப்பதைப் பார்த்து இவருக்கு மனசு கேட்கவில்லை. எல்லோரையும் போல நானும் அவரை சிஸ்டர் என்றே கூப்பிட்டேன்.

அவரால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் இறங்கி வர முடியும். முதல் வகுப்பில் ஜி, சி, இ மைனர் என்று மூன்று கார்டுகள் காட்டினேன். அடுத்த முறை வந்தபோது மூன்றும் மறந்து போயிருந்தன.

"சார், நீங்க காட்டறது கச்சிராயபாளையம் தாண்டறதுக்குள்ளயே மறந்துபோயிடுது. போன்ல பாக்கலாம்னா மேல டவரே இல்ல. படமா எழுதிக் குடுத்துடுங்க."

"கை மறக்காது சிஸ்டர். கைய நம்புங்க."

"கைய நம்பித்தான சார் மறந்துது." அவர் கோபப்படவில்லை. ஊசி போடும் முன் குழந்தையிடம் பேசுவது போலப் பொறுமையாகப் பேசினார். "மாத்திரைய எழுதிக் குடுக்காம, நா சொன்னத காதால கேட்டுக்கினு போய் சாப்புடுன்னு அனுப்பினா, நோயாளி இன்னா ஆவான் சொல்லுங்க?"

அறையில் இருந்த மற்ற மாணவர்கள் என்னைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர், பேருந்து நிலையத்துக்கு அருகில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறவர். நாங்கள் அவரை பாய் என்று கூப்பிடுவோம். அவர் சிரித்துக்கொண்டே, "சிஸ்டர் கேக்கறது கரெக்ட்டு மாஸ்டர்" என்றார்.

"சாயந்தரம் பஸ் ஏறும் முன்னாடி வாங்க. எழுதி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியாத ஒன்றை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டது உறைத்தது.

மதியம் வீட்டுக்குப் போய் பீரோக் கண்ணாடி முன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். குனிந்து பார்த்தால் என் கழுத்துக்கும் தொப்பைக்கும் நடுவில் விரல்கள் சரியாகத் தெரியாது. கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வொரு கார்டாகப் பிடித்து, கண்ணாடியில் தெரிந்ததை அப்படியே வரைந்தேன். வரைய வரைய உற்சாகம் வந்தது. எந்த விரல் என்பதற்கு நான்கு வண்ணங்கள். மணிக்கட்டு எவ்வளவு வளைய வேண்டும் என்று ஒரு அம்புக்குறி. கட்டை விரல் பின்னால் இருக்கும் இடத்துக்குப் புள்ளிக் கோடு. எந்தத் தந்தியைத் தொடக்கூடாது என்பதற்குச் சிவப்பில் பெருக்கல் குறி. ஜி மேஜர் மட்டும் இரண்டு பக்கம் பிடித்தது. எது தடித்த தந்தி, எது மெல்லிய தந்தி என்று மட்டும் எழுதவில்லை. அதை எழுத வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

சிஸ்டர் தாள்களைப் பார்த்ததும் கண் கலங்காத குறைதான். "இதத்தான் சார் கேட்டேன்" என்று மடிக்காமல் ஒரு எக்ஸ்ரே கவரில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு வாரம் கழித்து வந்து உட்கார்ந்து, எக்ஸ்ரே கவரைத் திறந்து, தாள்களை எதிரே வைத்து வாசித்தார். விரல்கள் அழகாக வளைந்திருந்தன. மணிக்கட்டு அம்புக்குறி காட்டிய அளவு வளைந்திருந்தது. சத்தம் மட்டும், எவர்சில்வர் பாத்திரக் கடையில் அலமாரி சரிந்தது போல இருந்தது. கீழே ஒரு மிஷின் நின்றது. தையல்காரர் அண்ணாந்து பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

"எப்டி இருக்கு சார்? தெனமும் ஒரு மணி நேரம் அடிச்சேன். பக்கத்து குவார்ட்டர்ஸ்ல கதவ சாத்திக்கினாங்க. பழகப் பழக சரியாயிடும்னு நானும் வுடல."

"மலைக் குளிருக்குத் தந்தி இறங்கியிருக்கும்" என்றேன். கிட்டாரை வாங்கிப் பார்த்தேன். சுருதி கச்சிதமாக இருந்தது. இருந்தாலும் சாவிகளை இரண்டு திருப்பு திருப்பி, அதே அளவு திரும்ப இறக்கிவைத்துக் கொடுத்தேன். மறுபடி வாசித்தார். மறுபடியும் அலமாரி சரிந்தது.

பாய் எழுந்து வந்து தாளை எடுத்துப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பினார். பிறகு தாளின் பின்பக்கத்தை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா மாஸ்டர், கண்ணாடியப் பாத்து வரைஞ்சாப்ல இருக்கு? வலது எடதா இருக்கே. இப்டி வெளிச்சத்துல பின்னால இருந்து பாத்தாத்தான் சரியா வருது."

"அது ஒரு முறை" என்று தொடங்கினேன். சிஸ்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ பேர் சொல்லாமல் மறைக்கும் நோயை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துப் பழகியவர்.

"சார், உங்களுக்கு இது படிக்க வராதா?"

"வராது சிஸ்டர்" என்றேன். சொன்ன பிறகு ஒன்றும் ஆகிவிடவில்லை. கூரை அப்படியே இருந்தது.

"அப்ப நா ரெண்டு வாரம் அடிச்சதெல்லாம்?"

"எல்லாம் தப்பு. என் தப்புதான்."

அவர் பாயிடமிருந்து தாளை வாங்கிக்கொண்டார். "எங்க வார்டுல இப்டி எழுதி வெச்சா மெமோ குடுப்பாங்க சார்" என்றார். பிறகு, "ஆனா இந்த இ மைனர்னு போட்டது மட்டும் கேக்க நல்லாத்தான் இருந்துச்சு" என்று வாசித்துக் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது. அது இ மைனர் இல்லை. வேறு என்ன கார்டு என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் பாய் தன் கடையில் வளையல் பெட்டிகளுக்கு நடுவில் என்னை உட்காரவைத்து, எனக்குத் தெரியாமல் போனில் தான் பார்த்துப் பழகிவந்த படங்களைக் காட்டி, கார்டு படம் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். கிட்டாரை எதிரே நிற்கவைத்துப் பார்ப்பது போல நினைத்துக்கொள்ள வேண்டும். இடது ஓரக் கோடு தடித்த தந்தி. பத்து நிமிட வேலை. இருபத்தைந்து வருடமாகப் பயந்தது இதற்குத்தானா என்று எனக்கே அசிங்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் இன்னும் மோசம். படிக்கத் தெரிந்த மயக்கத்தில் முழுக்கப் படத்தின் பக்கம் சாய்ந்துவிட்டேன். அறுபது கார்டுகளுக்கு, வண்ணமும் அம்புக்குறியும் எல்லாம் சேர்த்து, இந்த முறை தந்தியின் பெயரும் போட்டு வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டு ஒவ்வொருவருக்கும் கொடுத்தேன். புத்தகம் இல்லாமல் வகுப்புக்கு வரக்கூடாது என்று சொன்னேன். காகிதம் வேண்டாம் என்று சொன்ன அதே வாயால்தான். எதிர்த்து யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆசிரியர்களுக்கு இருக்கும் பெரிய வசதி அது.

வகுப்பு பரீட்சை ஹால் மாதிரி ஆகிவிட்டது. எல்லோரும் குனிந்தபடியே இருந்தார்கள். ஒரு கார்டு அடிப்பார்கள், நிறுத்துவார்கள், பக்கத்தைப் புரட்டுவார்கள், விரலை ஒவ்வொன்றாக வைத்துச் சரிபார்ப்பார்கள், அடுத்ததை அடிப்பார்கள். தனித்தனியாக ஒவ்வொரு கார்டும் சுத்தமாக இருந்தது. பாட்டுதான் எங்கேயும் இல்லை. பாய் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார். "மாஸ்டர், முன்ன தப்பா அடிச்சாலும் ஜாலியா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைக் கிட்டார் உறைக்குள் போட்டு ஜிப்பை மூடினார்.

சிஸ்டர்தான் அந்தப் புத்தகத்துக்கு மிக உண்மையாக இருந்தார். பக்கத்துக்குப் பக்கம் மாத்திரை கவரை அடையாளமாக வைத்திருந்தார். பார்க்காமல் ஒரு கார்டு கூடப் பிடிக்க மாட்டார். இவருக்குக் காது என்று ஒன்று இருப்பதே மறந்துவிடுமோ என்று எனக்குக் கவலை வந்தது. ஆனால் படம் கேட்டவர் அவர், கொடுத்தவன் நான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

ஐப்பசி மழையில் மலைப் பாதையில் மண் சரிந்து அவர் ஒரு மாதம் வரவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை வந்தார். கையில் கிட்டார் மட்டும்தான். முகத்தில் ஏதோ குறைந்தது போல இருந்தது.

"புக்க எடுங்க சிஸ்டர்."

"எடுத்து இன்னா சார் பண்றது? மூக்குக் கண்ணாடி ஒடைஞ்சிபோச்சு. தடுப்பூசி அன்னிக்கு ஒரு கொழந்த புடிச்சி இழுத்துடுச்சி. பஸ் வுட்டப்பறம்தான் இன்னிக்கு எறங்கி வந்து கடையில குடுத்தேன். பத்து நாள் ஆவும்னுட்டாரு. இருவது நாளா எனக்கு எழுத்தே தெரியல."

"அப்ப பழகலையா?"

"பழகாம இன்னா? மழைக்கு எங்கயும் போக முடியல. தடவித் தடவி அடிச்சிக்கினு இருந்தேன்."

வாசித்தார். ஒரு பழைய சினிமாப் பாட்டு. நான்கே கார்டுகள். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நிற்காமல் போனார். ஒரு இடத்தில் விரல் தவறியது. காதால் கேட்டு அவரே நகர்த்திக்கொண்டார். பாய் தன் கிட்டாரை எடுத்து மெதுவாகக் கூடவே சேர்ந்துகொண்டார். அறையில் இருந்த மற்றவர்கள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அறுபது கார்டு வரைந்தவன் என்ற முறையில் கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

"பாத்தீங்களா, படம் இல்லாமலே வருது" என்றேன்.

"படம் இருந்ததால வருது சார்" என்றார் அவர். "அந்த நாலு பக்கமும் கண்ண மூடினா அப்டியே தெரியுது. அது இல்லன்னா எதத் தடவறது?"



மாசியில் அவருடைய சுகாதார நிலையத்தின் ஆம்புலன்ஸ் டிரைவர் ஓய்வு பெற்றார். அந்த விழாவில் வாசிக்கப்போவதாகச் சொல்லி சிஸ்டர் என்னைக் கூப்பிட்டிருந்தார். காலை பஸ்ஸில் ஏறி, கோமுகி அணையைத் தாண்டி, வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தேன். புறநோயாளிகள் உட்காரும் தாழ்வாரத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஊசிக்கு வந்த தாய்மார்களும் பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். சிஸ்டர் புதுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வாசித்தார். டிரைவர் முதல் வரியிலேயே அழ ஆரம்பித்துவிட்டார். பாட்டு சோகமானது இல்லை; அவர் அப்படித்தான் என்றார்கள்.

முடிந்ததும், "இவருதான் எங்க சார்" என்று என்னைக் காட்டினார் சிஸ்டர். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் எழுந்து கும்பிட்டேன்.

டீ குடிக்கும்போது அங்கே மருந்து கொடுக்கும் பார்மசிஸ்ட் தம்பி என்னிடம் வந்தார். "எனக்கும் கத்துக்கணும்னு ஆசை சார். எவ்ளோ நாள் ஆவும்?"

நான் நேரம், வகுப்பு, பஸ் எல்லாவற்றையும் விளக்கினேன். சனிக்கிழமை வந்தால் சிஸ்டரோடு சேர்ந்தே வரலாம் என்று சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "அவ்ளோ தூரம் எதுக்கு சார் எறங்கி வரணும்? சிஸ்டர் இங்கயேதான இருக்காங்க. அவுங்ககிட்டயே கத்துக்கறேன்" என்றார்.

சிஸ்டருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போய், "தப்பா நெனச்சிக்காதீங்க சார்" என்றார். பிறகு தயங்கி, "உங்க புக்கு ஒண்ணு இருந்தா குடுங்களேன், அவருக்கு" என்றார்.

எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பையில் எப்போதும் ஒன்று இருக்கும். எடுத்து நீட்டினேன். அவர் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பக்கங்களைப் புரட்டி, நான்கு தாள்களை ஸ்பைரலிலிருந்து மெதுவாகக் கிழித்து எடுத்தார். மீதிப் புத்தகத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இது போதும் சார்" என்றார்.