நிற்காமல் ஓடிய ஃபிரிட்ஜ்

பிள்ளைகளா, அம்மாவுக்குச் சுகர் ஏன் அப்படி ஏறியது, பிறகு எப்படி இறங்கியது என்று நீங்கள் இருவரும் போனில் மாறி மாறிக் கேட்டீர்கள். எனக்குப் போனில் சரியாகச் சொல்ல வரவில்லை. எழுதிப் பார்த்தால் எனக்கே விளங்குமோ என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா காலையும் மாலையும் இன்சுலின் போட்டுக்கொள்வது உங்களுக்குத் தெரியும். மருந்து ஃபிரிட்ஜ் கதவில், முட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கும். ஐப்பசி மழை பிடித்த சமயத்தில், ஊசி தவறாமல் போட்டும் சுகர் முந்நூறைத் தாண்டி நின்றது. நாலு பாத்திரம் துலக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். கண் மங்கலாகத் தெரிகிறது என்று ஒருநாள் சொன்னாள். அதில்தான் நான் பயந்துபோனேன்.

என் முதல் சந்தேகம் பால்கோவா மேல். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து உங்கள் மாமா வந்தால் கையில் பால்கோவாப் பொட்டலம் இல்லாமல் வரமாட்டாரே.

“ஏட்டி, உண்மையச் சொல்லு. எனக்குத் தெரியாம எம்புட்டு தின்ன?”

“மாரியம்மன் சத்தியமா ஒரு விள்ளல் வாயில வைக்கல. பொட்டலத்தக் காலி பண்ணது யாருன்னு உங்க தொந்தியக் கேளுங்க.”

மறுநாள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

ஆஸ்பத்திரி நர்ஸம்மா வேறு மாதிரிக் கேட்டார். “மருந்த எங்க வைக்கிறீங்க? ஃபிரிட்ஜ் ஒழுங்கா கூலிங் ஆகுதா? சூடு பட்டா இன்சுலின் வேலை செய்யாது.”

“அது ராத்திரி பகலா நிக்காம ஓடுதும்மா” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. நூல் மில்லில் வேலை பார்க்கிறவனுக்கு நிற்கிற மெஷின்தான் ரிப்பேர்; ஓடுகிற மெஷின் நல்ல மெஷின். கொஞ்ச நாளாகவே வீட்டில் ஃபிரிட்ஜ் உர்ரென்று ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆனால் அவர் கேட்டது மனதில் உறுத்தியது. வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை. மேலே ஃபிரீசரில் ஐஸ் இருக்கிறது, கீழே பால் திரிந்து கிடக்கிறது. காலையில் சில்லென்று இருந்த தண்ணீர் பாட்டில் சாயங்காலம் குழாய்த் தண்ணீர் மாதிரி இருக்கிறது. கெட்டது என்றால் முழுசாகக் கெட வேண்டாமா? பாதி கெட்டதை வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்ன சொல்ல?

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். “கேஸ் போயிருக்கும். மழை விடட்டும், வாரேன்” என்றார். மில்லில் கூட வேலை பார்ப்பவர், ஸ்டெபிலைசர் போயிருக்கும் என்றார். எதிர்வீட்டு அக்கா, கதவு ரப்பர்தான் என்று அடித்துச் சொன்னார். எல்லோரும் சொல்வது சரி என்றே பட்டது. கதவுக்கு இடையில் ஒரு பேப்பரை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். ஒரு மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. வெந்நீரில் துணி முக்கி ரப்பரைத் துடைத்தேன். புதிதாக வாங்கிய இன்சுலினை எதிர்வீட்டு ஃபிரிட்ஜில் கொடுத்து வைத்தோம். ஒவ்வொரு வேளையும் குடை பிடித்துக்கொண்டு போய் வாங்கிவர அம்மாவுக்குக் கூச்சம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். “அத்தான், முன்னாலயே பாத்துக்கிட்டிருந்தா எப்படி? பிளக்கப் புடுங்கிட்டு இழுத்துப் போடுங்க, பின்னால பாப்போம்.”

இழுத்தோம். பின்னால், சூட்டை வெளியே விடுகிற கறுப்புக் கம்பிகள் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு மெத்தை. மழை நாளில் மில் சட்டை காய்வதற்காக ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கொடி கட்டி வைத்திருந்தேன். அங்கேதான் வெதுவெதுப்பாக இருக்கும். சட்டையில் ஒட்டி வந்த பஞ்சு அம்புட்டும் கம்பியில் படிந்து, மேலே தூசியும் சேர்ந்து அப்பிக் கிடந்தது. மில்லில் ஷிப்டுக்கு ஷிப்டு மெஷினில் பஞ்சு துடைக்கிறவன் நான்.

அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். “ஒரு மில்லு பத்தாதுன்னு வீட்டுலயும் ஒண்ணு நடத்துறீகளா?”

“அக்கா, தூரப் போட்டுராத. ஒரு தலகாணிக்குக் காணும்” என்றார் மாமா.

பெயின்ட் பிரஷால் தட்டித் தட்டி எடுத்தோம். சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வைத்தோம். மாமா சும்மா இருக்கவில்லை. உள்ளே குளிரைக் கூட்டிக் குறைக்கிற திருகையும் திருப்பினார், பிளக்கையும் வேறு சுவிட்சுக்கு மாற்றினார். ஓடத் தொடங்கிய ஃபிரிட்ஜ், நாங்கள் சாப்பிட்டு எழுந்து வெகுநேரம் கழித்து டக்கென்று நின்றது.

“மாப்ள, நின்னு போச்சே!” என்று கத்திவிட்டேன்.

“நிக்கத்தான அத்தான் செய்யணும். குளிர்ந்தா நிக்கும், சூடு ஏறுனா திரும்ப ஓடும். நீங்க என்ன, அதுக்கும் ஓவர்டைம் போட்டீகளா?”

அம்மா சிரித்த சிரிப்பு அடங்கச் செத்த நேரம் ஆனது. ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தாள்.

புது மருந்தில் சுகர் இறங்கியது. கண்ணும் தெளிந்தது. ஆனால் பிள்ளைகளா, எதனால் சரியானது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பஞ்சா, ரப்பரா, திருகா, சுவிட்சா? எல்லாவற்றிலும் கை வைத்துவிட்டோம். பழைய மருந்து உண்மையிலேயே கெட்டுப்போயிருந்ததா? அந்த வாரம் மாமா பால்கோவாவும் கொண்டுவரவில்லை. “எறங்கிருச்சுல்ல, விடுங்க” என்கிறாள் அம்மா. எதனால் ஏறியது என்று தெரியாதவன் நாளைக்கு எதைக் கவனித்துக்கொண்டிருப்பது?

மருந்து எதிர்வீட்டிலிருந்து நம் வீட்டுக்கு வந்த நாள், அம்மா காலை ஊசியைப் போட்டுக்கொண்டு மாமா வீட்டுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தாள். இந்தத் தடவை கதவில் வைக்காமல் நடுத்தட்டில் பெட்டியை வைத்தேன். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரையும் வைத்தேன். பொழுது சாய்ந்ததும் எடுத்துக் குடித்தேன். பல் கூசியது. டம்ளரை மறுபடி நிரப்பி, மருந்துக்குப் பக்கத்திலேயே வைத்துக் கதவை அழுத்தி மூடினேன்.