மோட்டார் சைக்கிளுக்குக் கட்டிய தகரம்

எழுபதுகளின் நடுவில் நான் ஓட்டியது பலர் கைமாறி வந்த ஒரு பழைய சீமை மோட்டார் சைக்கிள். அதன் புகைக்குழாய் எஞ்சினிலிருந்து இறங்கி வலது காலை ஒட்டிக்கொண்டு பின்னால் போகும். ஓடும்போது பொறுக்கலாம். எங்காவது நின்றால் சூடு கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும். செருப்போடு ஓட்டிய நாட்களில் இதை நான் பெரிதாக நினைத்ததில்லை.

மனைவிக்கு ஏழாம் மாதத்தில் கால் வீங்கி இரத்த அழுத்தம் ஏறியது. பிள்ளை பிறக்கும்வரை அவளைப் பெரியாஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். முதற் பிள்ளை எங்களுக்குத் தங்கவில்லை. அவளை வார்டில் விட்டுவந்த அன்று நல்லூர்க் கோயில் வாசலில் நின்று, தாயும் பிள்ளையும் வீடு வந்து சேரும்வரை செருப்புப் போடுவதில்லை என்று நேர்ந்துகொண்டேன். மோட்டார் சைக்கிள் அப்போது நினைவில் வரவில்லை.

உரும்பிராயிலிருந்து காலையும் மாலையும் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டுப் புறப்படுகிறவன் பஸ்ஸை நம்பமுடியாது. பஸ்ஸில் ஊரவர்கள் விசாரிப்பார்கள் என்ற கூச்சமும் இருந்தது. அதனால் வெறுங்காலோடு ஓட்டினேன். தின்னவேலிச் சந்தையடியில் வண்டில்கள் குறுக்கே நிற்கும். சூடு தாங்காமல் வலது காலைத் தூக்கிப் பெற்றோல் தாங்கியில் வைப்பேன்.

“தம்பி, மோட்டச்சைக்கிளிலை இருந்தே சதிர் ஆடுறீரோ?” என்று ஒரு மரக்கறிக்காரி கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது காலைவிடச் சுட்டது.

கணுக்காலில் கொப்புளம் எழும்பி உடைந்தது. ஈரச் சாக்கைக் குழாயில் சுற்றினேன். ஆவி வந்து காலை அவித்தது. கமுகம் மடலை வைத்துக் கட்டினேன். கோண்டாவில் வருமுன்னே கருகி மணந்தது. பாதத்தில் துணியைச் சுற்றலாமா என்று யோசித்தேன். அதுவும் ஒரு செருப்புத்தானே என்று பயம் வந்தது. நான் செய்யும் சின்ன ஏமாற்று பிள்ளையில் போய் விழுந்தால்?

மனைவியின் தம்பிதான் வழி சொன்னான். “அத்தான், காலிலை கட்டினால்தான் செருப்பு. மோட்டச்சைக்கிளிலை கட்டினால் அது மோட்டச்சைக்கிளின்ரை செருப்பு. அதுக்கு நேர்த்தி இல்லைத்தானே?”

மண்ணெண்ணெய்த் தகரமொன்றை வெட்டிக் காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கம்பியால் கட்டினான். ஓட்டிப் பார்த்தேன். சுடவில்லை. அந்தச் சந்தோசத்தில், “மற்றப் பக்கத்தையும் முன்பக்கத்தையும் அடைச்சு விடன்” என்றேன். அடைத்துவிட்டான். வெளியே வராத சூடு எங்கே போகும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டொரு நாளில், உச்சி வெயிலில், பட்டணத்திலிருந்து பலாலிப் பக்கம் போன பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கொண்டக்டர் தோட்டத்து வேலியால் கூப்பிட்டார்.

“அண்ணை, உங்கடை மச்சான் சொல்லிவிட்டவர். வீட்டுக்காரிக்கு ஒப்பரேசன் செய்யப் போகினமாம். கையெழுத்து வைக்க உடனை வரட்டாம்.”

மண் பூசிய காலோடு ஏறி முறுக்கினேன். கோண்டாவில் தாண்டியதும் எஞ்சின் ஒரு மாதிரிக் கீச்சிட்டது. பின்சில்லு இறுகி, தாரில் இழுபட்டு நின்றது. உதைத்தேன், மிதி அசையவேயில்லை. தகரத்துக்குள் எஞ்சின் வெந்து இறுகிவிட்டது.

அருகில் ஒரு தேத்தண்ணீர்க் கடை. மோட்டார் சைக்கிளை அதன் வேலியில் சாத்திவிட்டுத் தெருவில் இறங்கினேன். தார் உருகிக் கிடந்தது. ஓரத்தில் நெருஞ்சி முள். கடைக்காரர் வெளியே வந்தார்.

“உந்தத் தாரிலை வெறுங்காலோடை எங்கை ஓடுறாய்? இந்தா, என்ரை செருப்பைக் கொழுவிக்கொண்டு போ.”

கழற்றி என் முன்னால் தள்ளிவிட்டார். செருப்போடு ஓடினால் நேரத்துக்குப் போகலாம். அவள் அங்கே என் கையெழுத்துக்காகக் கிடக்கிறாள். செருப்புப் போட்டு ஓடி, அங்கே போய் வேறொரு செய்தியைக் கேட்டால்? என் கால் செருப்புக்கு மேலே தூக்கினபடி நின்றது.

“வேண்டாமண்ணை.”

“ஏன், என்ரை செருப்பிலை என்ன பழுதாம்?”

 தூக்கிய காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். பின்னால் அவர் ஏசியது கேட்டது. தின்னவேலிக்கு இப்பால் வாழைக்குலை ஏற்றிய லொறியொன்று நிறுத்தி என்னை ஏற்றியது. இருக்கமுடியாமல் குலைகளுக்கு நடுவில் நின்றுகொண்டே போனேன்.

மச்சான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றான். “பாத்துக்கொண்டிருக்க ஏலாமல் நானே கையெழுத்து வைச்சிட்டன் அத்தான். பெடியன் பிறந்திருக்கிறான். அக்காவுக்கு இன்னும் மயக்கம் தெளியேல்லை.”

பின்னேரம்தான் உள்ளே விட்டார்கள். அவளுக்கு முகம் வெளுத்திருந்தது. பிள்ளை என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக, பஞ்சுக்குள் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது. நிறை காணாது, உடனே வீட்டுக்கு விடமாட்டோம் என்று தாதி சொன்னார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் நின்றேன். பிறகு மற்றக் காலுக்கு மாறினேன். இரண்டு உள்ளங்காலும் பொங்கியிருந்தன.

அவள் கண்ணைத் திறந்து கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.

“இஞ்சருங்கோ, பெத்தது நான். நீங்கள் ஏன் துள்ளுறியள்?”

“ஒண்டுமில்லை.”

அவளுக்கு நேர்த்தி தெரியும். தலையை மெல்லச் சரித்துக் கட்டிலுக்குக் கீழே என் காலைப் பார்த்தாள். “பிள்ளை பிறந்திட்டுதுதானே. இனிச் செருப்பைப் போடுங்கோ.”

தாயும் பிள்ளையும் வீடு வந்து சேரும்வரை என்றுதான் நேர்ந்திருந்தேன். பஞ்சுக்குள் அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“நாளைக்குக் காலமை உமக்கு என்ன கொண்டு வாறது?” என்று கேட்டேன்.