எஸ்டேட் பள்ளிக்கு எல்.எம்.எஸ். வந்த கதை

பள்ளிக்கூடங்களுக்கு எல்.எம்.எஸ். பழக்கிவிடும் தொழில், மாமியாருக்கு மிக்ஸி வாங்கிக் கொடுப்பது மாதிரி: ஊரெல்லாம் பெருமை பேசுவார்கள், சட்னி மட்டும் அம்மியில்தான் அரைப்பார்கள். பாடம், வீட்டுப்பாடம், மார்க் எல்லாவற்றையும் கணினிக்குள் கொண்டுவரும் அந்த மென்பொருளைத் தூக்கிக்கொண்டு அலைந்த சக பாவப்பட்ட ஜீவன்களே, இது உங்களுக்காகத்தான்.

தேயிலை விலை அதலபாதாளத்தில் கிடந்த காலம். குன்னூருக்கு மேலே ஓர் எஸ்டேட் பள்ளியைக் கம்பெனியில் என் தலையில் கட்டினார்கள். அதை நடத்திய அறக்கட்டளைக்குச் செலவு கட்டுப்படியாகவில்லை, மூடிவிட நினைத்தது. பிள்ளைகள் ஒரு வருஷம் எல்.எம்.எஸ்.ஸை ஒழுங்காகப் பயன்படுத்தினால் யோசிக்கலாம் என்றது. தலைமையாசிரியை மல்லிகா டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "இதுல சொதப்பிட்டா புள்ளைங்க குன்னூருக்கு பஸ் ஏறோணும்ங்க சார். பாதிப் பேரு படிப்பையே விட்டுருமுங்க."

கொழுந்து வந்தால் பாடம்

திங்கள், புதன் கணினி வகுப்பு என்று அட்டவணை அனுப்பினேன். ஒருவரும் உள்ளே நுழையவில்லை. போன் போட்டுக் கத்தினேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. பள்ளிக்குக் கரண்ட் எஸ்டேட் ஃபேக்டரியிலிருந்து வருகிறது. பறித்த தேயிலைக் கொழுந்து வந்தால்தான் ஃபேக்டரி ஓடும். விலை இருந்தால்தான் கொழுந்து வரும்.

கணக்கு வாத்தியார் நாகராஜன் என்னைச் சமாதானப்படுத்தினார்: "ஏலத்துல வெல ஏறட்டுங்க சார், அப்புறம் பின்னம் நடத்தலாமுங்க."

பீரோவுக்குள் பல்பு

அலையாய் அலைந்து பள்ளிக்குத் தனிக் கரண்ட் வாங்கிக் கொடுத்தேன். கூடவே டேப்லெட்டுகளும் வந்தன. ஒரு மாதம் கழித்துப் போனால் வகுப்பில் ஒன்றைக்கூடக் காணோம். மலையில் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்காமலிருக்க பீரோவுக்குள் குண்டு பல்பு எரியவிடுவது வழக்கம். அந்தக் கதகதப்பில், பட்டுப்புடவைக்குரிய மரியாதையோடு, டேப்லெட்டுகளைச் சீல் உடையாமல் அடுக்கியிருந்தார்கள். வந்த ஆத்திரத்தில் எனக்குக் குளிரே தெரியவில்லை.

நாகராஜன் சார் பெருமையாகச் சொன்னார்: "வெளிய எடுக்காம இருந்தா பத்து வருசத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

சிவப்பு மை

ஒருவழியாகப் பிள்ளைகள் டேப்லெட்டில் தேர்வு எழுதினார்கள். மென்பொருளே திருத்தி மார்க் போட்டுவிட்டது. நாகராஜன் சார் அத்தனையையும் குன்னூருக்குப் போய்ப் பிரிண்ட் எடுத்து, சிவப்பு மையில் மறுபடி திருத்தி, கையெழுத்துப் போட்டு, போட்டோ பிடித்து உள்ளே ஏற்றியிருந்தார். மெஷின்தான் திருத்திவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"மார்க்கு அது போடட்டுங்க. 'கவனம் தேவை'ன்னு யாருங்க எழுதறது?"

நிறைந்த வகுப்பு

பொங்கலுக்குப் பிறகு எஸ்டேட்டில் வேலையில்லாமல் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் புறப்பட்டார்கள். அவர்கள் குடியிருந்த லயன் வீடுகள் வரிசையாகப் பூட்டிக் கிடந்தன. ஆனால் என் கணினியில் பிள்ளைகளின் வருகை ஒன்றுகூடக் குறையவில்லை. டீச்சரே பொய்க்கணக்குக் காட்டுகிறார் என்று முடிவுகட்டி, சண்டை போடத் தயாராக மலையேறினேன். அறக்கட்டளை அதிகாரியும் அன்றைக்கே வந்து நின்றார். திரையில் வகுப்பு நிறைந்திருந்தது. பெஞ்சில் ஐந்து பேர். மற்றவர்கள் எங்கே என்று கேட்டார் அதிகாரி. அப்பாவின் ஷிப்ட் முடிந்ததும் அவருடைய செல்போனைப் பிடுங்கிப் பாடம் படிக்கும் பிள்ளைகளின் படங்களை மல்லிகா டீச்சர் காட்டினார்.

"இருக்கறது திருப்பூர்லீங்க. வீட்டுப்பாடம் இங்கதானுங்க எழுதறாங்க."

பாராட்டுக் கடிதம்

அதிகாரி அசந்துபோனார். அடுத்த மாதம் கடிதம் வந்தது. கட்டடம் இல்லாமலே பாடம் நடக்கும் என்று நிரூபித்த பள்ளிக்குப் பாராட்டு, எனவே கட்டடம் மூடப்படுகிறது, எல்.எம்.எஸ். மட்டும் தொடரும். எனக்குக் கம்பெனியில் கேடயம் கொடுத்தார்கள். வாங்கும்போது உடம்பெல்லாம் கூசியது. மன்னிப்புக் கேட்க மல்லிகா டீச்சருக்குப் போன் செய்தேன். பின்னணியில் யாரோ வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த அஞ்சு புள்ளைங்களும் எங்க ஊட்டுக்கே வந்துருதுங்க சார். மத்தவங்க ஏழு மணிக்கு போன்ல வருவாங்க, சீக்கிரம் பேசிட்டு வைங்க."

நான் பழக்கிவிட்டதிலேயே எல்.எம்.எஸ். முழு வெற்றி கண்ட பள்ளி அது ஒன்றுதான். என்ன, பள்ளிக்கூடம்தான் இல்லை.