திருப்பிச் சுமக்காத கல்

நாஜிகளின் வதைமுகாமாக இருந்த அந்த இடம் இப்போது நினைவகம். அங்கே வளாகப் பராமரிப்பு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரைச் சென்ற மாதம் சந்தித்தேன். ஒல்லியான உருவம், நரைத்த மீசை. கல் கொண்டுபோய்க் கொட்டிய ஒவ்வொரு நடையின் முடிவிலும் தள்ளுவண்டியைக் கவிழ்த்துத் தட்டி, ஒட்டிய மண்ணை உதிர்த்த பிறகே திரும்பினார்.

வாசலில் கிடந்த சரளைக்கல் முழுவதையும் மதியத்துக்குள் பழைய கொட்டகை அருகே சேர்த்துவிட்டார். அப்போது மேற்பார்வையாளரான ஜெர்மன் பெண்மணி வந்து, இடம் தவறிவிட்டது, எல்லாவற்றையும் வாசலுக்கே கொண்டுபோங்கள் என்றார். இவர் முடியாதென்றார். மறுத்தால் மேலிடத்துக்கு எழுத வேண்டிவரும் என்று அவர் எச்சரித்தார்.

"முதுகு வலிக்குதா?" என்று இவரிடம் கேட்டேன்.

"முதுகு நல்லாத்தான் இருக்கு, அண்ணை. இஞ்ச கைதியளை இப்பிடித்தான் வதைச்சவங்கள். கல்லைச் சுமந்துகொண்டு போகவிட்டு, பிறகு அதே இடத்துக்குத் திருப்பிச் சுமக்க விடுறது. இந்த நிலத்தில என்னால அது ஏலாது. வேற எங்கயெண்டாலும் கொண்டுபோறன்."

அதையே ஜெர்மன் மொழியில் அந்தப் பெண்மணியிடமும் சொன்னார். அவர், அப்படியானால் அங்கே கொட்டுங்கள் என்று தொலைவில் வாகனம் நிறுத்தும் இடத்தைக் காட்டினார்.

நடந்து எண்ணிப் பார்த்தேன். கொட்டகையிலிருந்து வாசலுக்கு நாற்பது தப்படி. அந்த இடத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு. ஏறக்குறைய எட்டு மடங்கு வேலையை வாங்கிக்கொண்டு, அதற்கு நன்றியும் சொல்லிவிட்டு அவர் மண்வெட்டியை எடுத்தார். அப்படி ஒருவரை நான் அதுவரை கண்டதில்லை.