அசையாமல் தொங்கும் எடை

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பொறியாளராக வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், பட்டறையின் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் ஒரு கணக்குப் போட்டேன். சங்கிலியில் தொங்கும் இரும்பு வார்ப்பின் நிறை ஐந்நூறு கிலோ. அதைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கினால் சங்கிலியின் இழுவிசை வந்துவிடும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூடப் போடும். சங்கிலி அதைப்போல மூன்று மடங்கு தாங்கும் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தேன். என்னைவிட இருபது வயது மூத்த எங்கள் ஃபோர்மேன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வார்ப்பைத் தூக்கினாலும் முதலில் ஒரு சாண் உயர்த்தி, சடாரென்று அரைச் சாண் இறக்கி நிறுத்துவார். சங்கிலி குலுங்கி அடங்கியதும் ஒவ்வொரு கண்ணியையும் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். அதன் பிறகே ஆட்களைப் பக்கத்தில் விடுவார். இதற்குக் கால் மணி நேரம் போகும். எனக்கு அவசரம். கூடவே புதுப் படிப்பின் கொழுப்பு வேறு. அந்தக் குலுக்கல் தேவையில்லை என்று காட்டத்தான் கணக்குப் போட்டேன்.

"நீங்க படிச்சவரு சார். சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

நான் போட்டது அசையாமல் தொங்கும் எடையின் கணக்கு. இறங்கிக்கொண்டிருக்கும் எடையைச் சட்டென்று நிறுத்தினால், அதன் வேகத்தை அடக்கும் விசையும் சங்கிலியின் தலையில்தான் விழும். லிஃப்டில் நிற்கும் மனிதனை வைத்துப் பள்ளியில் கேட்பது இதைத்தான். நான் முழு மதிப்பெண் வாங்கிய கேள்வி. பழைய இரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம் என்பதும் பாடத்தில் இருந்தது. மூன்றாம் நாள், குலுக்கிப் பார்க்காமல் தூக்கிய வார்ப்பை இறக்கும்போது பாதியில் நிறுத்தினார்கள். ஒரு கண்ணி விட்டது. வார்ப்பை நேராக்கக் கை கொடுத்திருந்த ஃபோர்மேனுக்கு வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

விசாரணையில் அவர், "வழக்கமா குலுக்கிப் பாப்பேன். அன்னிக்கி மறந்துட்டேன்" என்றார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. பயம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். பயம்கூட இல்லை, மரத்துப்போயிருந்தேன். அவரை வாசல் கேட்டில் உட்கார வைத்தார்கள். பதினோரு வருடம், தினமும் காலையில் இடது கையால் எனக்கு வணக்கம் வைத்தார். நானும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போவேன். வேலை நடந்தது, பதவி உயர்வும் வந்தது. இரவில் நன்றாகவே தூங்கினேன்.

போன மாதம் அவர் மாரடைப்பில் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியத்துக்கு மூலக்குளத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். முதல் தடவை. கூட்டம் கலைந்தபின் அவர் மனைவி காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். எப்படி ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

"அக்கா, அன்னிக்கி அவரு மறக்கல. நான்தான் வேணாம்னு சொன்னேன்."

அவர் முகம் மாறவே இல்லை.

"தெரியும் சார். ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாரு. சின்னப் பையன், வேல போயிடும்னாரு. என்னிக்காவது நீங்க வந்து பேசுவீங்கன்னு ஞாயித்துக்கெழமையில எங்கயும் போவமாட்டாரு."

எனக்கு அழுகை வரவில்லை. பதினோரு வருடத்துக்கு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் என்று மனம் தன்பாட்டுக்குப் பெருக்கிக்கொண்டிருந்தது.